சார்ஜன்டின் தகப்பனுக்கு ஒரு பனர்

திருகோணமலை மாவட்டத்தில் வசிக்கும் சகல பொதுமக்களுக்கும், விசேடமாக ஒலிவாங்கியைக் கண்டால் இரங்கலுரை ஆற்றாமல் வீடு திரும்பாத பெருமக்களுக்கும் இத்தால் அறியத்தருவது என்னவென்றால்: பதவியிலிருக்கும் ஒரு போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன்டுக்கு, அவருடைய தகப்பனாரின் செத்த வீட்டில் வைத்து, மீன் வியாபாரி ஒருவரின் மகன் 'மச்சான்' என்று விளித்து அனுதாபம் தெரிவித்துள்ளான். சாட்சிகள் உண்டு. மாவட்டத்தின் நீண்ட வரலாற்றில் இது முதல் தடவை என்று நம்பப்படுகிறது.

இதன் கனம் வெளியூர் ஆக்களுக்கு உடனே விளங்காது. எங்கள் பக்கத்தில் பொலிசோடு கதைப்பதற்கென்று ஒரு தனிப் பாஷை இருக்கிறது. அதில் மொத்தமே மூன்று வசனம்: 'ஓம் சேர்', 'இல்லை சேர்', 'இனிமேல் செய்ய மாட்டன் சேர்'. எங்கள் சனம் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்திருக்கிறது. பொலிஸ்காரனுக்கும் தாய் தகப்பன் இருக்கும், அவர்களும் ஒருநாள் சாவார்கள், அப்போது நாலாவதாக ஒரு வசனம் தேவைப்படும் என்பதை ஒருவரும் யோசித்துப் பார்த்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு சைலன்சர்.

அன்புவழிபுரத்தில் தவராசாவைத் தெரியாத பூனை இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஊதியை 'பாம் பாம்' என்று அமத்தியபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற மனுசன். விடியமுன் கடற்கரையில் நிற்பார். கிண்ணியா றுவைஸ் தன் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கும் சூரை, பாரை, விளைமீன் என்று அன்றைக்குக் கடல் தந்ததை வாங்கி, ஐஸ் போட்டு அடுக்கி, வெயில் ஏறமுன் உப்புவெளியும் கன்னியாவும் சுற்றி முடித்துவிட வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது ஓட்டப்போட்டி மாதிரி. தரைப்பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று, யாரோ அடுப்புக்குள்ளிருந்து ஊதிவிடுவது போலத்தான் இருக்கும். ஐஸ் கரையும். மீனின் கண் மங்கும். பிறகு பெண்டுகள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன தவராசா அண்ணே, நேற்றைய மீனோ?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கன்னியாவை அடைந்துவிடுவதுதான் தவராசாவின் தொழில்.

பின்னேரமானால் அதே மோட்டார் சைக்கிள் வேறொரு பிறவி எடுக்கும். மகன் கஜீபன் பெட்டியைக் கழற்றிவிட்டு, தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டு மீன் மணம் போகத் தேய்ப்பான். பிறகு பழைய சைலன்சரைக் கழற்றி, தான் எங்கிருந்தோ வாங்கிவந்த இன்னொன்றைப் பூட்டுவான். அது பூட்டியதும் அந்தக் கிழட்டு மோட்டார் சைக்கிள், துறைமுகத்துக்குள் கப்பல் வருகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அப்பாவுக்கு விடியத் தேவைப்படும் என்பதால் இரவு திரும்பவும் பழையதை மாற்றி வைப்பான். அந்தப் பொறுமையில் கால்வாசியைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்றைக்கு அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு இருந்திருப்பான் என்பது தாய் சுலோஜனாவின் கணிப்பு.

ஒருநாள் பின்னேரம் உட்துறைமுக வீதியில் சார்ஜன்ட் ஜயசுந்தர கையைக் காட்டினார்.

"மச்சான், இறங்கு. சீன் போடாத."

கஜீபன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பரம்பரையாக வந்த மூன்றாவது வசனத்தைச் சொன்னான். "இனிமேல் செய்ய மாட்டன் சேர்."

"எங்க வாங்கின இது? செம சத்தம் மச்சான். நீ அந்த முடக்கில வரக்குள்ளயே காது அடைச்சது."

சார்ஜன்டின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கட் பண்ணினார். திரும்பவும் அடித்தது. திரும்பவும் கட் பண்ணினார்.

"பைக் உள்ள போகுது. ஃபீல் பண்ணாத. ஆட்டோ பிடிச்சு வீட்ட போ."

சார்ஜன்டின் தமிழைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. ஊர் கந்தளாய், தாய்மொழி சிங்களம். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கும் முறையாகத் தமிழ் படிப்பித்தார்கள். 'தங்கள் வாகனத்தின் ஆவணங்களைத் தயவுசெய்து காண்பியுங்கள்' என்று அவர் முதல்நாள் சந்தியில் நின்று சொன்னபோது, மறித்த பொடியன் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து விழுந்தானாம். அதோடு சார்ஜன்ட் அந்தத் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டார். பிறகு பிடிக்கிற பொடியளிடம் இருந்தே மிச்சத்தைப் படித்தார். ஆக அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க முழுக்க இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டது. அதில் 'மச்சான்' உண்டு, 'நீங்கள்' கிடையாது.

அன்றிரவு வீட்டில் விசாரணை நடந்தது.

"பொலிஸ்காரன் உன்னை மச்சான் எண்டவனோ?" என்று சுலோஜனா கேட்டாள்.

"ஓம் அம்மா. எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுறவர்."

"அப்ப எனக்கு மருமகன் முறை. மருமகனிட்டச் சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு வா."

தவராசா புட்டைக் குழைத்தபடியே இருந்தார். அவர் பேசாமல் குழைத்தால் கோபம் என்று அர்த்தம். அன்றைக்குப் புட்டு களியாகுமட்டும் குழைத்தார்.

அடுத்த நாளே கால் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். கச்சான் காற்று முகத்தில் அடிக்க உழக்கி உழக்கி உப்புவெளி தாண்டுவதற்குள் ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, பின்சில்லால் ஒழுகி, வீதியில் கோடு போட்டது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பூனைகள் வந்தன. கன்னியாவை அவர் காணவேயில்லை. விற்காத மீன் வீட்டுக்குத் திரும்பியது. காலையில் சூரைச் சொதி, மத்தியானம் சூரைக் கறி, இரவு சூரைப் பொரியல். மிச்சம் உப்பிட்டுக் கூரையில் காய்ந்தது. மூன்றாம் நாள் சுலோஜனா அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒருக்கா இந்த வீட்டுக்குள்ள சூரை வந்தால், நான் கிணத்துக்க இறங்கிடுவன். சொல்லிப்போட்டன்."

"கிணத்தில தண்ணி இல்லை அம்மா," என்றான் கஜீபன்.

"வாயை மூடு. உன்ர சைலன்சரால தானே இவ்வளவும். கொப்பருக்கு முழங்கால் வீங்கிப்போய்க் கிடக்கு, பார்."

உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது. இன்னொரு கிழமை இப்படி உழக்கினால் மனுசன் படுத்துவிடுவார். றுவைசும் சாடையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்: "தவராசா, கன்னியாப் பக்கம் வேற ஒராள் கேக்கிறார். உங்களுக்காகத்தான் பாத்திட்டு இரிக்கன்." மோட்டார் சைக்கிள் வெளியே வர வேண்டுமென்றால் சார்ஜன்ட் வழக்கைப் போட வேண்டும். வழக்கைப் போட வேண்டிய சார்ஜன்ட் நிலையத்தில் இல்லை. பிடித்த மறுநாளே அவருடைய தகப்பன் செத்துப்போய், கந்தளாய்க்குப் போய்விட்டார்.

இந்தச் செய்தி பிரகலாதன் மாஸ்டரின் காதில் விழுந்தது. மாஸ்டர் இளைப்பாறிய பாடசாலை அதிபர், ஒழுங்கையில் உள்ள மரண உபகாரச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் கதிரையும் கூடாரமும் இலவசம். மாஸ்டரின் இரங்கலுரையும் இலவசம். கதிரையை வேண்டாம் என்று சொல்லலாம், இரங்கலுரையை வேண்டாம் என்று சொல்ல ஏலாது.

"தவராசா, இது கடவுளாப் பாத்துத் தந்த சந்தர்ப்பம்," என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் உள்ளே வந்தார்.

"ஒரு மனுசன் செத்திருக்கிறார் மாஸ்டர்," என்றாள் சுலோஜனா.

"அதைத்தான் பிள்ளை சொல்லுறன். நாங்கள் போறம். முறைப்படி துக்கம் விசாரிக்கிறம். மோட்டார் சைக்கிளைப் பற்றி மூச்சு விடப்படாது. எங்கட முகத்தைப் பாத்து அவராக் கேக்க வேணும். செத்த வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லமாட்டினம்."

"பொலிஸ்காரன்ர செத்த வீட்டுக்கு எங்கட ஆக்கள் போனதா நான் கேள்விப்படேல்லையே," என்று தவராசா இழுத்தார். "அங்க போய் என்னத்தைக் கதைக்கிறது?"

"நீ கதைக்க வேண்டாம். நான் இருக்கிறன். பனர் ஒண்டும் அடிப்பம்."

"சிங்கள ஆக்கள் வெள்ளைக் கொடியெல்லே கட்டுறவை?"

"அவை கொடி கட்டட்டும், நாங்கள் பனர் கட்டுவம். பண்பாட்டுப் பரிமாற்றம்."

எங்கள் ஊரில் பனர் இல்லாமல் ஒருவரும் முழுதாகச் செத்ததாகக் கணக்கில்லை. சந்தியில் 'கண்ணீர் அஞ்சலி' தொங்கினால்தான் செய்தி உறுதி. ஆகவே மாஸ்டர் ஓர் இரவு முழுக்க இருந்து வாசகம் எழுதினார். பனர் கடையில் நின்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். ஓர் ஒற்றுக்கூட விழவில்லை என்று திருப்திப்பட்ட பிறகுதான் சுருட்டச் சொன்னார்.

பயணம் றுவைசின் வானில். முன் சீற்றில் மாஸ்டர் வெள்ளை வேட்டி சால்வையோடு இருந்தார். பின்னால் கதிரைகள் கழற்றியிருந்ததால் தவராசாவும் கஜீபனும் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளில் குந்தினார்கள். பனர் குழல் கஜீபனின் மடியில்.

"கண்ணாடியைத் துறந்து வைங்க மாஸ்டர்," என்றார் றுவைஸ். "நேத்து திருக்கை ஏத்தின வண்டி. துக்க வீட்டுக்குப் போறவங்களுக்கு மணம் பிடிச்சிரும்."

"துறந்தா சால்வை பறக்குது."

"அப்ப திருக்கையோட வாங்க."

பாலம்போட்டாறு தாண்டியதும் மாஸ்டர் பின்னால் திரும்பி விதிகளை வாசித்தார். "என்னைத் தவிர ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. விசேடமா நீ, கஜீபன். உன்ர வாயில இருந்து மச்சான் எண்டு ஒரு சொல்லு வந்துதெண்டால் கொப்பர் ஆயுசு முழுக்கக் கால் சைக்கிள்தான். இன்னொண்டு, வெளிக்கிடேக்க 'போயிட்டு வாறம்' எண்டு சொல்லப்படாது. செத்த வீடு."

"மாஸ்டர், இந்தப் பனரில ஒரு..." என்று கஜீபன் தொடங்கினான். வழியில் சும்மா இருக்க ஏலாமல் கொஞ்சம் விரித்துப் பார்த்திருந்தான்.

"இப்பதானே சொன்னனான், வாய் திறக்கப்படாதெண்டு!"

கஜீபன் மூடிக்கொண்டான்.

கந்தளாய்க் குளத்து வாய்க்கால் ஓரமாகப் போகிற ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் காற்றில் படபடத்தன. இரண்டு பக்கமும் வயல். வீட்டு முன்னால் கூடாரம், கதிரைகள், வெள்ளை உடுப்பில் சனம். சிவில் உடுப்பில் வந்திருந்த பொலிஸ்காரர் பலரை, தலைமயிர் வெட்டைப் பார்த்தே தவராசா அடையாளம் கண்டார். யாரோ அவர்களுக்கு பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து தந்தார்கள்.

சார்ஜன்ட் வாசலில் நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், மழிக்காத முகம். தொப்பியில்லாமல் பார்க்க யாரோ கடைக்காரர் மாதிரி இருந்தார்.

"விரி," என்றார் மாஸ்டர் மெதுவாக.

கஜீபன் ஒரு முனையைப் பிடிக்க, தவராசா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனார்.

கூடாரத்துக்குள் ஒரு கிழவி 'ஐயோ' என்று கத்தினாள். பிஸ்கட் தட்டு ஒன்று விழுந்தது. பொலிஸ்காரர் இரண்டு பேர் எழும்பினார்கள்.

பனரின் ஒரு பக்கம் எரியும் குத்துவிளக்கு, மறு பக்கம் பறக்கும் புறா, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் பெரிய மாலைக்குள்ளிருந்து, முழுச் சீருடையில், கொஞ்சம் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் சார்ஜன்ட் ஜயசுந்தர.

மாஸ்டரின் தர்க்கத்தை இங்கே பதிந்து வைப்பது நியாயம். அவர் இதைப் பிழை என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரங்கல் யாருக்கு? சார்ஜன்டுக்கு. அப்படியானால் படம் யாருடையதாக இருக்க வேண்டும்? ஏதோ ஒரு விழாவில் எடுத்த படத்தை மாஸ்டரே தேடிக் கொடுத்தார். மாலையும் விளக்கும் புறாவும் கடைக்காரர் எல்லாருக்கும் போடுகிறதுதான்.

சார்ஜன்ட் பனருக்குக் கிட்ட வந்தார். தன் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு ஒரு முனையில் நின்ற கஜீபனைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார். "நானும் செத்ததா?"

கஜீபன் வாய் திறக்கவில்லை. விதி அப்படி.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் புகுந்தார். "பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய சார்ஜன்ட் அவர்களே! காலன் எனும் கொடியோன் தங்கள் இல்லத்தின் கலங்கரை விளக்கை அணைத்துவிட்டான் என்ற செய்தி, எங்கள் செவிகளில் இடியென வீழ்ந்தது!"

சார்ஜன்ட் மரியாதையாகக் கேட்டார். ஒரு சொல் விளங்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. "மச்சான், இவர் என்ன சொல்றது?"

"மாஸ்டர் என்னை வாய் திறக்க வேண்டாமெண்டவர் சேர்."

"நான் சொல்றேன். திற."

பொலிஸ் கட்டளை. கஜீபன் தகப்பனைப் பார்த்தான். தவராசா பனருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"உங்கட அப்பா வீட்டுக்கு லைட் மாதிரி ஆளாம். இப்ப லைட் அவுட்டாம்."

"கரண்ட் இருக்கே மச்சான்."

"கரண்ட் இல்லை சேர். அப்பாதான் லைட்டாம்."

"ஆ," என்று சார்ஜன்ட் யோசித்தார். "சரி. அது சரிதான். சொல்லச் சொல்லு."

மாஸ்டர் கண்ணாலேயே கஜீபனைச் சுட்டுப் பொசுக்கிவிட்டுத் தொடர்ந்தார். "இஃது ஈடுசெய்யவியலாப் பேரிழப்பு!"

"இவருக்குப் பதிலா இன்னொரு ஆளைப் போட ஏலாதாம்."

"ஏலாது," என்றார் சார்ஜன்ட்.

"காலம் எனும் கைதேர்ந்த மருத்துவனே தங்கள் நெஞ்சப் புண்ணை ஆற்றுவானாக!"

"கொஞ்ச நாள் போனா ஓகே ஆகுமாம்."

"எவ்வளவு நாள்?"

கஜீபன் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "மாஸ்டர், எவ்வளவு நாள் எண்டு கேக்கிறார்."

மாஸ்டர் இதுவரை எத்தனையோ இரங்கலுரை ஆற்றியிருக்கிறார். ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். சால்வையைச் சரிசெய்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

சார்ஜன்ட் கஜீபனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் சொன்னது நீ சொல்லிட்ட. நீ என்ன சொல்றது? வா."

வீட்டுக்குப் பின்னால் வயலோரம் தண்ணீர்ப் பம்ப் வைக்கிற ஒரு சின்னக் கொட்டில் இருந்தது. இரண்டு பேரும் அதன் நிழலில் குந்தினார்கள். கூடாரத்தடியில் நின்றவர்களுக்கு அவர்கள் கதைப்பது கேட்காது, ஆனால் தெரியும். கழுத்தை நீட்டாமல் இருக்க எவருக்கும் ஏலவில்லை.

அங்கே கதைத்ததைக் கஜீபன் பிறகு தாயிடம் மட்டும் சொன்னான். சுலோஜனாவிடம் சொன்னது ஊருக்குச் சொன்ன மாதிரிதான்.

சார்ஜன்ட் வயலைப் பார்த்தபடி சொன்னார். "மச்சான், எனக்கு அழுகை வருது இல்ல. ஆக்கள் எல்லாம் பாக்குது. அம்மா பாக்குது. நான் என்ன செய்றது?"

"சேர்..." என்று தொடங்கிய கஜீபன், அந்த மழிக்காத முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைக் கீழே வைத்தான். "மச்சான், வராட்டி விடு. அழுறதுக்கெல்லாம் ட்ரை பண்ணக்கூடாது. சும்மா சீன் மாதிரி இருக்கும்."

"அன்னிக்கு உன்ர பைக் பிடிச்சேன். போன் அடிச்சது. ஞாபகம்?"

"ஓம். ரெண்டு தரம். நீ கட் பண்ணின."

"அது அப்பா."

தன் சைலன்சர் இவ்வளவு தூரத்துக்குச் சத்தம் போட்டிருக்கும் என்று கஜீபன் நினைக்கவில்லை.

"பிறகு எடுக்கலாம் எண்டு நினைச்சேன். வேலை, வேலை. விடிய அம்மா எடுத்தது. அப்பா போய்ட்டார் எண்டு." சார்ஜன்ட் ஒரு புல்லைப் பிடுங்கினார். "என்ன சொல்ல எடுத்தார்? அதுதான் மண்டைக்குள்ள சுத்துது மச்சான். ஏதாவது பெரிசா சொல்ல எடுத்தாரா? நெஞ்சு நோவுது எண்டு சொல்ல எடுத்தாரா?"

இதற்கு மாஸ்டரிடம் வசனம் இருந்திருக்கும். கஜீபன் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், எங்கட அப்பர் எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுப்பார். நானும் கட்தான் பண்ணுவன். எப்பவாவது எடுத்தா என்ன கேப்பார் தெரியுமா? 'பெட்டி கட்டுற ரப்பர் எங்க?' அவ்வளவுதான். ஒரு நாளும் பெரிசா ஒண்டும் சொன்னதில்லை. அப்பாமார் சும்மா மொக்கைக் கதைக்குத்தான் எடுப்பினம். உன்ர ஆளும் அப்பிடி என்னத்தையாவது கேக்கத்தான் எடுத்திருப்பார்."

"நிசமா?"

"சத்தியமா. வேணுமெண்டா அம்மாட்டக் கேட்டுப் பார். மனுசிமாருக்குத் தெரியும்."

சார்ஜன்டின் தாய் அந்த நேரம் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தாய் யோசித்தாள். பிறகு கொட்டில் கதவில் தொங்கிய பூட்டைக் காட்டி ஏதோ சொல்லி, இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

சார்ஜன்டுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"என்னவாம் மச்சான்?"

"இந்தக் கொட்டில் திறப்பு எங்க எண்டு கேக்க எடுத்தாராம். வீடு முழுக்கத் தேடினாராம். பிறகு பாத்தா, சாரத்து மடியிலயே இருந்திச்சாம்."

"நான் சொல்லேல்லையா?"

சார்ஜன்ட் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் தோள் ஒரு மாதிரிக் குலுங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பில்லை. கஜீபன் என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கையைப் போட்டான். "அழு மச்சான், அழு. இப்ப ஓகே. இது சீன் இல்லை."

கூடாரத்தடியில் றுவைஸ், தவராசாவின் காதுக்குள் சொன்னார்: "தவராசா, உங்கட மகன் சார்ஜன்ட்ர தோளில கை போட்டிரிக்கான்."

"எங்க?"

"பாக்காதீங்க. நெஞ்சு தாங்காது."

"எதுக்கு அழுறார்? இவன் என்னத்தைச் சொல்லித் துலைச்சான்?"

"பைக் கேட்டிருப்பான்," என்றார் மாஸ்டர் இருட்டிப்போன முகத்தோடு. "எல்லாம் போச்சு."

வெளிக்கிடும்போது சார்ஜன்ட் வானடிவரைக்கும் வந்தார். மாஸ்டர் முறைப்படி ஒன்றும் சொல்லாமல், கைகூப்பி, குனிந்து ஏறினார். தவராசாவும் றுவைசும் அப்படியே. கடைசியாக ஏறிய கஜீபன் திரும்பி, "போயிட்டு வாறன் மச்சான்," என்றான்.

மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"வா மச்சான்," என்றார் சார்ஜன்ட்.

வான் பிரதான வீதிக்கு ஏறியதும் தவராசா கேட்டார், "பைக்கைப் பற்றி என்ன சொன்னவர்?"

"நான் கேக்கேல்லை அப்பா."

"அவராக் கேட்டவரோ?"

"இல்லை."

"அப்ப அவ்வளவு நேரமும் என்னடா கதைச்சனீங்கள்?"

"ஒரு திறப்பைப் பற்றி."

"திறப்போ? பைக் திறப்போ?"

"இல்லையப்பா. பம்ப் கொட்டில் திறப்பு."

தவராசா முழங்காலைத் தடவிக்கொண்டார். கச்சான் காற்று யன்னலால் அடித்தது. திருக்கை மணம் அப்படியே இருந்தது. "பனரை என்ன செய்தனீங்கள்?" என்று றுவைஸ் கேட்டபோதுதான், அது அங்கேயே விடுபட்டுப்போனது நினைவுக்கு வந்தது. செத்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

செத்த ஏழாம் நாள் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கிற தானத்துக்குக் கஜீபன் பஸ் பிடித்துத் தனியாகக் கந்தளாய்க்குப் போனான். கையில் நல்ல பாரை மீன் ஒன்று, றுவைஸ் கொடுத்தது. 'எதுக்கடா போறாய்?' என்று கேட்ட தாயிடம், 'வாறன் எண்டு சொன்னனான், போகத்தானே வேணும்' என்றான். அன்றும் அவன் பைக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுலோஜனாவுக்கு இது புதினமாக இருந்தது. அவனைப் பெற்ற நாளிலிருந்து சொன்ன சொல்லுக்கு அவன் எழும்பிப் போனது இதுதான் முதல் தடவை.

லீவு முடிந்து சார்ஜன்ட் வேலைக்கு வந்தார். வழக்கைப் போட்டார். நீதிமன்றத்தில் கஜீபன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டம் கட்டினார்கள், சைலன்சரைப் பறிமுதல் செய்தார்கள், மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார்கள். வாசலில் நின்ற சார்ஜன்ட், "இனி செய்யாத மச்சான்," என்றார். "செய்ய மாட்டன் மச்சான்," என்றான் கஜீபன். மறுநாள் விடிய தவராசா பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஐஸ் கரையமுன் கன்னியாவை அடைந்தார்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் பிரகலாதன் மாஸ்டர் நீண்ட நேரம் பேசினார். இன நல்லுறவுக்குத் தமிழ் இரங்கலுரையின் பங்களிப்பு என்பது தலைப்பு. ஒரு பனர் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையே மீட்டுத் தந்த வரலாற்றை அவர் விளக்கியபோது சபை கைதட்டியது. இனி பொலிசில் யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் சங்கம் சார்பில் பனர் அடிப்பதென்று தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. சுலோஜனா வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தன் மகனின் வாய்தான் பைக்கை மீட்டது என்று சொன்னாள்.

கஜீபன் பிடிபட்ட அதே பின்னேரம் உட்துறைமுக வீதியில் சைலன்சருக்காக இன்னும் ஐந்து பொடியளும் பிடிபட்டிருந்தார்கள். அவர்கள் ஒருத்தரும் கந்தளாய்க்குப் போகவில்லை. அவர்களுக்கும் அதே நாளில், அதே தண்டத்தோடு, மோட்டார் சைக்கிள் கிடைத்தது.